கழற்றி வைக்கும் வின்ச்

பிக்கப் வண்டிக்கு வின்ச் போடுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், கம்பெனி பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பு பம்பர் வாங்கி, அதற்குள் வின்சை நிரந்தரமாக போல்ட் போட்டு இறுக்கிவிடும். அந்த வண்டி பால் வாங்கப் போனாலும் வின்சோடுதான் போகும். இரண்டாவது ரகம், வின்சை ஒரு இரும்புத் தொட்டிலில் உட்கார வைத்து, தேவைப்படும்போது வண்டியில் செருகி, மற்ற நாட்களில் கழற்றி கராஜில் வைத்துவிடும். நான் இரண்டாவது ரகம். கழற்றி வைக்கிற அந்தச் செயலில் ஓர் அறப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். மிகையாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

வின்ச் தெரியாதவர்களுக்கு: நாகப்பட்டினம், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் இழுவலையை ஏற்ற ஒன்று இருக்குமே, அதன் சின்னத் தம்பி. 12 வோல்ட் மோட்டார், ஒரு பற்சக்கரத் தொகுதி, கயிறு சுற்றிய உருளை. அவ்வளவுதான். வண்டி சேற்றிலோ பனியிலோ சிக்கினால் கயிற்றின் நுனியை ஒரு மரத்தில் கட்டிவிட்டு பொத்தானை அழுத்த வேண்டும். வண்டி தன்னைத்தானே மரத்தை நோக்கி இழுத்துக்கொள்ளும். கொக்கியை இன்னொருவர் வண்டியில் மாட்டினால் அந்த வண்டியை இழுக்கும்.

நான் இருப்பது கொலராடோவின் வடக்கே, ஃபோர்ட் காலின்ஸில். ஊரிலிருந்து வடமேற்கே மலையேறினால் ரெட் ஃபெதர் லேக்ஸ் பக்கத்து வனச்சாலைகள். மே மாதத்தில்கூட நிழல் விழும் வளைவுகளில் பனித்திட்டு கிடக்கும்; வெயில் படுகிற இடத்தில் அதே பனி உருகிச் சேறாகியிருக்கும். பூடர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். கிழக்குப் பக்கம் பாவ்னி புல்வெளி. தட்டையான நிலம், என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்போம். மழை பெய்தால் அங்குள்ள மண்சாலை நாலு சக்கரமும் சுழல்கிற வண்டியையே சோப்புக் கட்டி மாதிரி வழுக்கி ஓரத்துக்குத் தள்ளிவிடும். இழுவை வண்டிக்காரர் வர மணிக்கணக்கில் ஆகும். சில சாலைகளுக்கு வரவே மாட்டார்.

ஆகவே வின்ச். ஏன் கழற்றும் வகை என்று கேட்டால் என்னிடம் நான்கைந்து நல்ல காரணங்கள் இருந்தன. தொட்டிலோடு சேர்த்து 45 கிலோவுக்கு மேல் வரும். அந்த எடை முன் அச்சுக்கு வெளியே தொங்கினால் முன் ஸ்பிரிங் தாழும், எரிபொருள் வீணாகும். குளிர்காலத்தில் சாலையில் தெளிக்கும் உப்பு மோட்டாரின் மூட்டுகளுக்குள் புகுந்து அரிக்கும். திருட்டு பயம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கழற்றும் வின்சை வண்டியின் முன்னாலும் மாட்டலாம், பின்னாலும் மாட்டலாம். முன்னால் போய் சிக்கினவன் பெரும்பாலும் பின்னால்தான் வெளியே வர வேண்டியிருக்கும். நிரந்தர வின்ச்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வெல்டர். எழுபதைத் தாண்டியவர். தொட்டிலில் ஒரு தாங்கு பட்டையை வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தவர் அவர்தான். வேலை முடிந்து முகமூடியைத் தூக்கிவிட்டு இப்படிச் சொன்னார் (ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான், ஆனால் அவர் வாயில் அது 'நீ'யாகத்தான் ஒலிக்கும்): "நல்ல முடிவு பண்ணின. முன்னாடி மாட்டி வெச்சிருந்தா எல்லாவனும் பார்ப்பான். பார்த்தா கேட்பான். கழட்டி வெச்சுட்டா உன்கிட்ட ஒண்ணும் இல்ல. கேட்க மாட்டான்."

அவருக்கு ஒரு கதை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பள்ளத்தில் இறங்கிய ஒரு காரை தன் வின்ச்சால் இழுத்துக் கொடுத்தார். காரின் முன்பக்க பிளாஸ்டிக் உடைந்தது. அன்று கைகுலுக்கி நன்றி சொன்ன ஆள் மூன்று வாரம் கழித்து வக்கீல் கடிதம் அனுப்பினான். கடைசியில் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தக் கடிதத்தை அவர் இன்னும் வைத்திருக்கிறார். வின்சை மட்டும் விற்றுவிட்டார்.

கழற்றி வைத்தால் கேட்க மாட்டார்கள். என் நான்கைந்து நல்ல காரணங்களுக்குப் பின்னால் இந்தக் காரணமும் உட்கார்ந்திருந்ததா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இதை யோசிக்க ஆரம்பித்தேன்.

*

'செய்ய வேண்டும்' என்று ஒருவரிடம் சொன்னால், அதற்குள் 'அவரால் செய்ய முடியும்' என்பது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இம்மானுவேல் காண்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கொள்கை இது. நீச்சல் தெரியாதவனிடம் போய், ஏன் குதித்துக் காப்பாற்றவில்லை என்று கேட்க முடியாது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் என்னைப் போல ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கொள்கையைப் பார்த்ததும் அதிலிருக்கும் ஓட்டை கண்ணில் படும். 'முடியும்' என்பது நிபந்தனை, 'வேண்டும்' என்பது விளைவு. நிபந்தனையைப் பொய்யாக்கிவிட்டால் விளைவுக்கு வேலையே இல்லை. அப்படியானால், கடமையிலிருந்து தப்பிக்க மிக எளிய வழி, 'முடியும்' என்பதைக் கழற்றி கராஜில் வைத்துவிடுவதுதானே?

பீட்டர் சிங்கர் 1972-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஆழமில்லாத குளத்தில் மூழ்கும் குழந்தை வரும். கிழக்கு வங்காள அகதிகளின் பட்டினியை மனதில் வைத்து எழுதப்பட்ட கட்டுரை அது. உங்கள் உடை சேறாகும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை. இறங்கித் தூக்குவீர்கள் அல்லவா, அப்படியானால் தூரத்தில் பட்டினியால் சாகிறவருக்கும் அதே கடமை உங்களுக்கு உண்டு என்று வாதத்தை நகர்த்துவார். படித்த காலத்தில் இது என்னை மிகவும் தொந்தரவு செய்தது. இப்போது வேறொரு ஆள் என்னைத் தொந்தரவு செய்கிறான். தினமும் அந்தக் குளத்து வழியாக நடந்தவன், ஒருநாள் யோசித்து, இனி வேறு தெருவில் போய்விடுவோம் என்று முடிவு செய்கிறான். அவன் எந்தக் குழந்தையையும் கைவிடவில்லை. அவன் கண்ணில் எந்தக் குழந்தையும் படவே இல்லை.

சட்டத்தைக் கேட்டுப் பார்த்தால் அது கையை விரிக்கும். அமெரிக்காவில் பொதுவாக, முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை கிடையாது. வெர்மான்ட் மாநிலம் 1967-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மீறினால் அதிகபட்சம் 100 டாலர் அபராதம். ஐரோப்பா கொஞ்சம் கறார். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவின்படி ஆபத்தில் உதவாமல் போனால் ஓராண்டு வரை சிறை உண்டு, பிரான்சில் ஐந்தாண்டு வரை. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரு கணத்தைத்தான் பார்க்கின்றன. நீ அங்கே நின்றாய், அவர் அங்கே கிடந்தார், உன்னால் முடிந்தது, செய்தாயா? அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது எதை விட்டுவிட்டு வந்தாய் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

*

இதற்குள் ஒயரிங் வேலை ஆரம்பித்திருந்தது. எனக்குத் தத்துவத்தைவிட இதில் கை நன்றாக ஓடும்.

வண்டி டொயோட்டா டகோமா. முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை 5,600 பவுண்ட், அதாவது சுமார் 2,540 கிலோ. அதை ஒன்றரையால் பெருக்கி வின்ச் வாங்கு என்பது பொதுவான கணக்கு, 8,400 வரும், அடுத்து கிடைக்கிற அளவில் 9,500 பவுண்ட் வின்ச் வாங்கினேன். இந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. உருளையில் கயிற்றின் கடைசி அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது இழுக்கிற பலம் அது. கயிறு அடுக்கு அடுக்காக ஏற ஏற உருளையின் விட்டம் கூடும், பலம் குறையும். சேற்றின் உறிஞ்சல், ஏற்றத்தின் சாய்வு எல்லாம் தனி. பலத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் ஒரு கப்பியை மரத்தில் கட்டி கயிற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வேகம் பாதியாகும்.

முழுச் சுமையில் இப்படியொரு மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் நல்ல நாளிலேயே 130 ஆம்பியர் கொடுத்தால் அதிகம். மிச்சம் பேட்டரியிலிருந்துதான். அதனால்தான் வின்சை ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மோட்டார் ஆறி, பேட்டரி மூச்சு வாங்கி, மறுபடி இழுக்க வேண்டும். பேட்டரி முன்னால் இருக்கிறது. பின்பக்கம் வரை கேபிள் 6 மீட்டர், போக வர 12. சாதாரணமாக வின்சோடு வருகிற 2 கேஜ் தடிமனில் இழுத்தால் 400 ஆம்பியரில் வழியிலேயே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் இரண்டரை! கிட்டத்தட்ட ஒரு கிலோவாட், அதாவது ஓர் அயர்ன் பாக்ஸ் அளவு சூடு, வண்டியின் அடியில் சும்மா எரியும். 2/0 கேஜ் போட்டால் இழப்பு பாதியாகக் குறையும். விலையைப் பார்த்து வயிறு எரிந்தது, போட்டேன்.

நெகட்டிவ் ஒயரை சேஸியில் கட்டிவிட்டு செம்பை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வெல்டர் விடவில்லை. "போற வழிக்கு மட்டும் செலவு பண்ணாத, திரும்பி வர்ற வழிக்கும் பண்ணு," என்றார். துருவும் பெயின்ட்டும் உள்ள மூட்டுகள் வழியாக 400 ஆம்பியர் திரும்பி வராது. வேறு மெல்லிய ஒயர்களைத் தேடிப் பிடித்து எரிக்கும். இரண்டு ஒயருமே பேட்டரி வரை போயின.

இரண்டு முனைகளிலும் ஆண்டர்சன் கனெக்டர், 350 ஆம்பியர் அளவு. இந்தப் பொருளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வீட்டு மின்சாரத்தில் கொடுக்கிற பக்கம் ஓட்டை, வாங்குகிற பக்கம் முள். ஆண்டர்சனில் அப்படிக் கிடையாது. இரண்டு பாதியும் அச்சு அசல் ஒரே வடிவம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொன்றோடு கவ்விக்கொள்ளும். எது கொடுப்பது, எது வாங்குவது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வின்சின் வாலில் ஒன்று.

மாட்டுவது எளிது என்று நினைத்தேன். இரண்டு அங்குலச் சதுரக் குழாயை ஹிட்ச் ரிசீவருக்குள் நுழைத்து, 16 மில்லிமீட்டர் பின்னைக் குறுக்கே சொருக வேண்டும். பின்னால் ரிசீவர் ஏற்கெனவே இருந்தது. முன்னால் சேஸியோடு போல்ட் போடும் ஒன்றை வாங்கினேன். இங்கேதான் கழற்றும் வகையின் பலவீனமும் இருக்கிறது. நிரந்தர பம்பரில் வின்சின் இழுவை சேஸியின் இரண்டு தண்டுகளிலும் பரவும். இங்கே எல்லாம் ஒரே குழாயில், ஒரே பின்னில் வந்து நிற்கிறது. நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் கோணம் கூடக் கூட குழாய் முறுக்கப்படும். ரிசீவரின் தாங்குதிறன் வின்சைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் எண். கழற்ற முடிகிற எதுவும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

எல்லாம் முடிந்த பிறகு வெல்டர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "வின்ச் இல்லாதப்போ இந்த ஒயர்ல என்ன இருக்கும்?"

நிஜமாகவே நல்ல கேள்வி. வின்ச் கராஜில் தூங்கும்போதும், வண்டியின் வயிற்றை ஒட்டி 6 மீட்டர் ஒயர் பேட்டரியின் முழு உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயாவது ஓர் இரும்பு விளிம்பில் உரசி உறை தேய்ந்தால் தீ. பேட்டரிக்குப் பக்கத்திலேயே கையால் திருப்பும் ஒரு துண்டிப்பு சுவிட்ச் போட வேண்டும் என்றார். சிவப்புச் சாவி. இப்போது இருக்கிறது.

இதில் எனக்கு ஒன்று விளங்கியது. 'கழற்றும் வின்ச்' என்கிறோம், ஆனால் கழல்வது ஒரு பகுதிதான். ஒயர் அங்கேயே இருக்கிறது. ரிசீவர் இருக்கிறது. கனெக்டர் ரப்பர் மூடியோடு முன்னும் பின்னும் வாய் திறந்து காத்திருக்கிறது. ஒருமுறை 'முடியும்' ஆனவன் மறுபடி பழைய 'முடியாது'க்குப் போவதில்லை. நடுவில் எங்கேயோதான் நிற்கிறான். எப்போதும் உயிரோடு வைத்திருக்கும் தயார்நிலை எரித்துவிடும் என்பதும் உண்மைதான். யார் கூப்பிட்டாலும் ஓடி, ஓடி, கடைசியில் யாரையும் சகிக்க முடியாமல் போனவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். சுவிட்ச் தேவை. ஆனால் சுவிட்சை அணைப்பது வேறு, நான் ஒயரே போடவில்லை என்று சொல்வது வேறு.

*

இரண்டு வருடத்தில் வின்ச் மற்றவர்களுக்காக ஓடியது ஏழெட்டு முறை இருக்கும். பெரும்பாலானவை சொல்ல ஒன்றுமில்லாதவை. வாடகைக் காரில் வந்து பனித்திட்டில் வயிறு தட்டி நின்ற கல்லூரிப் பையன்கள். கயிறு, கொக்கி, நடுவில் ஒரு கனமான போர்வை (கயிறு அறுந்தால் அதன் வேகத்தைத் தணிக்க), இருபது நிமிடம், செல்ஃபி, கிளம்பினார்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஜூன் தொடக்கம், ஒரு வனச்சாலையின் இறக்கத்தில் பெரிய பிக்கப் ஒன்று ஓரம் சரிந்து ஓடைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. என் வண்டியைவிட எடை அதிகம். ஓட்டி வந்தவருக்கு என் வயது இருக்கும், பின் சீட்டில் அவர் அம்மா. என் வண்டியின் பின்னால் வின்சைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். யாரோ வந்துவிட்டார்கள் என்கிற முகம்.

சுற்றிப் பார்த்தேன். அவர் வண்டியில் கொக்கி மாட்ட, சாலைப் பக்கம், ட்ரெய்லர் இழுக்கும் உருண்டை மட்டும்தான் இருந்தது. அதில் மாட்டவே கூடாது. ட்ரெய்லரின் சீரான இழுவைக்காகச் செய்தது அது. சிக்கிய வண்டியின் சுமையில் அதன் கழுத்து முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். அதற்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள். இரண்டாவது, என் வண்டியே நிற்பது இறக்கத்தில், சரளை மேல். வின்ச் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இழுக்கும், நியூட்டன் மூன்றாம் விதி. கனமான வண்டி அசையாவிட்டால் நான்தான் அதை நோக்கி நகர்வேன். என் வண்டியைப் பின்னால் ஒரு மரத்தில் கட்டினால் ஒழிய இழுக்க முடியாது, கைக்கெட்டும் தூரத்தில் மரம் இல்லை.

முடியாது என்றேன். அவர் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். "இதை எதுக்கு மாட்டிட்டுச் சுத்தறீங்க, ஷோவுக்கா?" என்கிற மாதிரி ஒன்றைக் கேட்டார். அவர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தன் கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரையும் என் வண்டியில் ஏற்றி, சிக்னல் கிடைக்கிற இடம் வரை கீழே கொண்டுவந்து விட்டேன். பெரிய இழுவை வண்டிக்கு அவர் போன் செய்தார். ஒன்றரை மணி நேரம் கூட இருந்தேன். நடுவில் அவர் அம்மா ஒரு ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

அந்த முழு மாலையிலும் வின்ச் ஒரு மில்லிமீட்டர்கூட இழுக்கவில்லை. ஆனால் வின்ச் இல்லாமல் நான் அங்கே நின்றிருப்பேனா என்று யோசித்தால், தெரிந்திருந்தும் மெதுவாக்கிவிட்டு, கையசைத்துவிட்டு, 'என்கிட்ட ஒண்ணும் இல்லை' என்று தாண்டியிருப்பேன் என்றே தோன்றுகிறது. எனக்கு மட்டுமல்ல, பலருக்கும் அப்படித்தான். கருவி இருக்கிறது என்ற நினைப்புதான் வண்டியை நிறுத்த வைத்தது. நின்ற பிறகு, தேவைப்பட்டது நாலு சீட்டும் ஒன்றரை மணி நேரமும். அவை எல்லோரிடமும் எப்போதும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி கராஜில் வைக்க முடியாது. ஆகவே கடமை வின்சில் இருந்ததாக நான் போட்ட கணக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

*

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். "சரி, வின்சே வாங்காத நம்ம ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் தப்பானவங்களா? வெச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போகாட்டி தப்புன்னா, வாங்காம இருக்கறதும் தப்புதானே? அப்போ வாங்கு, ஒரு ஆம்புலன்ஸ், ஒரு தீயணைப்பு வண்டி, எல்லாத்தையும் வாங்கி வாசல்ல நிறுத்து."

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. 'முடியும்' என்பதைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும் என்று ஒரு கடமை இருந்தால் அதற்கு முடிவே கிடையாது. சிங்கரின் வாதத்தைப் படித்து விலகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விலகுகிறார்கள். வாங்காதவர் தவறு செய்யவில்லை. எடுத்துப் போகாதவரும் பெரும்பாலும் தவறு செய்யவில்லை. 45 கிலோ என்பது நிஜமான எடை. சனிக்கிழமை பாப்பாவின் சைக்கிளை ஏற்ற வேண்டும், இடம் இல்லை, வின்ச் வேண்டாம் என்றால் அது முழுமையான காரணம்.

ஒரு வாரம் கழித்து எனக்கு உதவியது மறுபடியும் காண்ட்தான், வேறொரு நூலில். 1795-ல் வந்த நிரந்தர அமைதி பற்றிய நூலின் பின்னிணைப்பில் ஒரு சோதனை சொல்கிறார். மற்றவர்களின் உரிமையைத் தொடுகிற ஒரு செயலின் விதியை வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என்றால், சொன்ன மாத்திரத்தில் அது கெட்டுவிடும் என்றால், அந்தச் செயல் அநியாயமானது. அவர் பேசியது அரசுகளைப் பற்றி. நான் அதை கராஜுக்குக் கொண்டுவந்தேன். சாலையோரம் நிற்கிறவர், 'உங்க கனெக்டரைப் பார்த்தேன், வின்ச் இருக்கும்போலயே, ஏன் கொண்டுவரலை?' என்று கேட்கிறார். 'குழந்தை சைக்கிள் ஏத்தணும்ங்க, இடமில்லை.' இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். அவர் தலையாட்டுவார். 'இன்னைக்கு கிழக்கே போறோம், காய்ஞ்ச தார் ரோடு, தேவைப்படாதுன்னு நினைச்சேன்.' இதையும் சொல்ல முடியும். 'உங்களை மாதிரி யாராவது கேட்பீங்கன்னுதான் விட்டுட்டு வந்தேன்.' இதைச் சொல்ல முடியாது. வின்ச் கராஜில் இருப்பது மூன்றிலும் ஒன்றுதான். மாறுவது காரணம் மட்டும். மனைவியின் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இவ்வளவுதான், அவள் பாதி ஒத்துக்கொண்டாள்.

மறு பாதிக்கு அவள் சொன்னது: "அந்த வக்கீல் லெட்டர் அங்கிள்? அவர் காரணத்தைச் சொல்ல முடியாதா? 'போன தடவை உதவினேன், கேஸ் போடறேன்னான்'னு தாராளமா முகத்துக்கு நேரா சொல்லலாமே?" சொல்லலாம். அதனால்தான் அவரை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஒருவன் அனுப்பிய கடிதம் அடுத்து சிக்கிக்கொள்கிற பத்துப் பேரின் உதவியைப் பறிக்கிறது. நமக்கு அந்தப் பத்துப் பேரைப் பற்றிய கணக்கு எங்கேயும் இல்லை.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் இருக்கிறது. ஊருக்குப் பயன்படுகிறவனின் செல்வத்துக்கு அங்கே வருகிற உவமைகளை எடுத்துப் பாருங்கள். ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், மருந்தாகிற மரம். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. மூன்றும் நகர முடியாதவை. குளம் எழுந்து வேறு தெருவுக்குப் போகாது. மரம் தன் பழத்தைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளாது. கேட்கிறவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அங்கேயே இருக்கும். நம் காலத்து வசதிகள் எல்லாம் வேறு மாதிரி. கழலும், மடங்கும், சைலன்ட்டில் போடலாம், கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைக்கலாம். கையில் எடுத்துக்கொண்டு நகர்கிறவனுக்குக் கடமை எப்படி இருக்கும் என்று சொல்ல அந்த மரங்கள் போதவில்லை. அல்லது எனக்குப் போதவில்லை.

எனக்குக் கைகொடுத்த உவமை ஆபீஸில் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வேலையில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. நடு ராத்திரி சர்வர் விழுந்தால் யாருடைய போன் அடிக்க வேண்டும் என்ற முறை. வாரம் முடிந்தால் அந்தக் கடமை கழன்றுவிடும். ஆனால் போனை அணைத்துவிட்டுப் படுத்தால் கழலாது. அடுத்தவர் பெயர் அட்டவணையில் ஏறிய பிறகுதான் கழலும். கழற்றுவது தப்பில்லை, யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கழற்ற வேண்டும். கொலராடோவில் மலையில் தொலைந்தவர்களைத் தேடும் பொறுப்பு சட்டப்படி அந்தந்த கவுன்ட்டி ஷெரிஃபுடையது. ஆனால் ராத்திரி பனியில் நிஜமாக ஏறிப் போகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்: ஆசிரியர், தச்சர், நர்ஸ். அவர்களும் முறை வைத்துத்தான் போகிறார்கள். அவர்கள் மனிதர்களைத்தான் மீட்பார்கள், வண்டிகளை அல்ல. வண்டிக்கு, பின்னால் வருகிற எவனாவது ஒருவன்தான்.

போன இலையுதிர் காலத்தில் வெல்டர் தன் பழைய ஃபோர்டுக்கும் ஒயர் இழுத்தார். அதே 2/0 கேஜ், அதே நிற ஆண்டர்சன் (நிறம் மாறினால் கவ்வாது), அதே இரண்டு அங்குல ரிசீவர், பேட்டரி பக்கத்தில் அதே சிவப்புச் சாவி. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஃபோர்டின் எடைக்கு என் வின்ச் கொஞ்சம் சின்னது, கப்பி போட்டுத்தான் இழுக்க வேண்டும், அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மான் வேட்டைப் பருவத்துக்கு வின்சை வாங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது கயிற்றில் ஆறேழு அடிக்குச் சேறு காய்ந்திருந்தது. யாருடைய சேறு என்று கேட்டேன். "தெரியாத ஆள்," என்றார். "கையெழுத்து வாங்கிக்கிட்டேன், உடைஞ்சா என்னைக் கேட்க மாட்டேன்னு." பாக்கெட்டிலிருந்து ஒரு மளிகை ரசீதை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி, ஒரு கையெழுத்து.

இந்த வாரம் மறுபடி வின்ச் அவரிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை நாங்கள் கேமரான் கணவாய்ப் பக்கம் போகிறோம், அங்கே இன்னும் பனி இருக்கும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் அவரிடம் கேட்க வேண்டும், அவர் எங்கேயும் போகவில்லை என்றால்.